பின்கதவு தரை அல்ல

(நாமக்கல்லில் சரக்கு வண்டி ஓட்டுநர்களும் சுமைப்பணித் தொழிலாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



லாரிக்குப் பாடி கட்டுவதில் பேரெடுத்த ஊர் நாமக்கல். இந்த ஊரில் வந்து வண்டியைப் பற்றிப் பேசுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பது போலத்தான். இருந்தும் வந்திருக்கிறேன். இஞ்சினைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் பேச வந்தது பிக்கப் வண்டியில் பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காத ஓர் உறுப்பைப் பற்றி. பின்கதவு. நீங்கள் பேக் டோர் என்று சொல்வது.

போன மாதம் ஒரு காய்கறிச் சந்தையில் விடியற்காலை நாலரை மணிக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பிக்கப்பில் சின்ன வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. பின்கதவைக் கிடையாக இறக்கி இரண்டு பக்கமும் சங்கிலியில் மாட்டியிருந்தார்கள். கதவின் நுனியில் ஒருவர் நின்றுகொண்டு, கீழிருந்து வரும் மூட்டையை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூட்டைக்கும் கதவு அரை அங்குலம் தாழ்ந்து எழுந்தது. வண்டிக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்கய்யா, இந்த பேக் டோரு எத்தனை கிலோ தாங்குமுங்க?"

அருமையான கேள்வி. இன்றைய பேச்சு முழுக்க அவனுக்கு நான் சொன்ன பதில்தான். கடைசியில் ஓர் எண்ணும் சொல்வேன். அந்த எண் எப்படி வந்தது என்பதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த எண் அவசரத்தில் மறந்துபோகும்.

இந்தக் கதவு எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் 1925-ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்பாகத்தில் ஒரு சரக்குப் பெட்டியைப் பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 281 டாலர். ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் பிக்கப் அதுதான். அந்த முதல் வண்டியிலேயே பின்கதவு உண்டு. அதன் வேலை இரண்டு: ஓடும்போது சரக்கு பின்னால் சரியாமல் தடுப்பது, நின்றபிறகு திறந்து வழி விடுவது. சரியாக 80 ஆண்டுகள் கழித்து, 2005-இல், நம் நாட்டில் டாடா ஏஸ் வந்தது. ஊரெல்லாம் அதைக் குட்டி யானை என்று கூப்பிடத் தொடங்கியது. முதலில் வந்த வண்டியின் சுமைத்திறன் 750 கிலோ. அதன் பின்கதவுக்கும் 1925-இல் இருந்த அதே இரண்டு வேலைதான்.

அந்த 750 கிலோ எங்கே நிற்கவேண்டிய எடை? தளத்தின் மேல். தளத்தில் வைத்த எடை குறுக்குச் சட்டத்துக்குப் போகிறது. அங்கிருந்து சேசிஸுக்கு, பிறகு ஸ்பிரிங் பட்டைக்கு, அச்சுக்கு, சக்கரத்துக்கு, கடைசியில் சாலைக்கு. வழி நெடுக அதற்கென்றே கட்டிய பலம் இருக்கிறது. பின்கதவின் மேல் வைத்த எடைக்கு அந்த வழி கிடையாது. ஒரு பக்கம் கீல்கள், இன்னொரு பக்கம் இரண்டு சங்கிலிகள். அவ்வளவுதான். திறந்து போட்ட பின்கதவு தளத்தோடு சமமாக, ஒரே மட்டத்தில், ஒரே நிறத்தில் தெரிகிறது. கண் அதைத் தரையின் நீட்சி என்று நம்பிவிடுகிறது. காலும் கண்ணை நம்பி நடக்கிறது. அந்த ஒரு நொடியில்தான் விபத்து தொடங்குகிறது.

பெரியவர்கள் சிலர் குண்டை நகர்த்தி நிறுக்கும் கோல் பார்த்திருப்பீர்கள். புளியும் மிளகாயும் நிறுக்க வீட்டுக்கு வீடு கொண்டுவருவார்கள். தட்டு இல்லாத பக்கம் கையளவு குண்டு ஒன்றுதான் இருக்கும். அதைக் கோலின் நுனியை நோக்கி நகர்த்த நகர்த்த, அந்தச் சின்னக் குண்டே பெரிய பாரத்தைத் தூக்கி நிறுத்தும். குண்டின் எடை மாறவில்லை. மாறியது தூரம். பின்கதவிலும் இதே விதிதான். கீலுக்கு அருகில் நிற்பவர் வேறு எடை, நுனியில் நிற்பவர் வேறு எடை. ஆள் ஒருவரே ஆனாலும்.

ஒரு கணக்குப் போடுவோம். கீலிலிருந்து நுனிவரை கதவு 40 சென்டிமீட்டர். பாடியின் தூணில் 40 சென்டிமீட்டர் உயரத்தில் சங்கிலி தொடங்கி, கதவின் நுனியில் வந்து மாட்டுகிறது. 45 பாகை சாய்வு. 65 கிலோ எடையுள்ள ஒருவர் 50 கிலோ சிமெண்ட் மூட்டையோடு நுனியில் நிற்கிறார். மொத்தம் 115 கிலோ. சங்கிலி நேர்மேலே இழுக்காமல் சாய்வாக இழுப்பதால், 115 கிலோவைத் தாங்க 163 கிலோ விசையோடு இழுக்கவேண்டும். அவர் நட்டநடுவில் நின்றால் ஒவ்வொரு சங்கிலிக்கும் 81 கிலோ. ஓரத்துக்கு நகர்ந்துவிட்டால் அந்த 163 கிலோவும் ஏறத்தாழ ஒரே சங்கிலியின் தலையில் விழும். அவரே நுனியை விட்டுக் கீலை நோக்கிப் பாதி தூரம் உள்ளே வந்துவிட்டால் எல்லாமே பாதியாகும்.

இப்போது சங்கிலியின் சாய்வை மாற்றிப் பார்ப்போம். தூணில் 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த கொக்கியை யாரோ ஒருவர் வசதிக்காக 10 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி கிட்டத்தட்டப் படுத்துவிடும். அதே ஆள், அதே மூட்டை, அதே இடம். ஆனால் சங்கிலியின் இழுவை 163-லிருந்து 474 கிலோவாக ஏறிவிடும். கொக்கி இடம் மாறியதற்கு விலை மூன்று மடங்கு. கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டி நடுவில் ஈரத்துணி போட்டால் கயிறு அறுந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். தொய்வாகக் கட்டிய கொடி அதே துணியைத் தாங்கும். படுத்த சங்கிலியின் கதையும் அதுதான். ஆகவே பட்டறையில் சங்கிலி மாட்டும்போது, எவ்வளவு உயரத்திலிருந்து முடியுமோ அவ்வளவு உயரத்திலிருந்து மாட்டச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது அசையாமல் நிற்கும் எடைக்கு. லோடு ஏற்றும் இடத்தில் யார் அசையாமல் நிற்கிறார்கள்? பொறியியலில் பழைய பாடம் ஒன்று உண்டு. ஒரு பாரத்தை மெல்ல மெல்ல இறக்காமல் சட்டென்று முழுமையாக விட்டால், தாங்கும் பொருளுக்கு அது இரண்டு மடங்காகத் தெரியும். உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் கூடும். 10 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு அங்குலம், ஒருவர் கதவின் மேல் குதிக்கிறார். சாதாரணமாக நிற்கும்போது கதவு ஒரு சென்டிமீட்டர் தாழும் என்று வைத்துக்கொண்டால், அந்தக் குதிப்பு ஐந்தரை மடங்கு எடையாக இறங்கும். மூட்டையோடு ஓரத்தில் குதித்தவரின் 163 கிலோ இழுவை, 900 கிலோவைத் தாண்டிவிடும். முழங்கால் மடங்கும், மூட்டை நசுங்கும், அதனால் நடப்பில் இது குறையும். பாதியாகக் குறைந்தாலும் 450 கிலோ. 65 கிலோ ஆள் ஒருவர், 50 கிலோ மூட்டை ஒன்று, நான்கு அங்குலம். இதற்கு 450 கிலோ இழுவை.

பளு தூக்கும் கிரேன் சங்கிலியில் ஒரு டன் என்று எழுதியிருந்தால், அதை நான்கு டன் வரை அறாதபடி செய்திருப்பார்கள். நான்கு மடங்கு காப்பு. நம் வண்டியின் பின்கதவுச் சங்கிலியில் எந்த எண்ணும் எழுதியிருக்காது. கடையில் கிலோக் கணக்கில் எடைபோட்டு வாங்கிய சங்கிலி. அதன் நுனியில் ஒரு கொக்கி, ஒரு போல்ட், ஒரு தகடு, ஒரு வெல்டிங். நான் பார்த்தவரையில் சங்கிலி நடுவில் அறுவது குறைவு. பிய்த்துக்கொண்டு வருவது அந்தத் தகடும் வெல்டிங்கும்தான். நான்கு பேர் கைகோத்து நிற்கும்போது ஒருவர் கை நழுவினால் போதும். மற்ற மூவரின் பலத்தால் பயன் இல்லை.

கம்பெனிக்காரர்கள் எண் தருவதில்லையா என்று கேட்பீர்கள். சிலர் தருகிறார்கள். அமெரிக்காவில் ஜி.எம்.சி. சியாரா வண்டியில் 2019 மாடலிலிருந்து ஆறு விதமாக மடங்கும் பின்கதவு வந்தது. அதில் படிபோல மடங்கும் பகுதிக்கு 375 பவுண்டு, அதாவது 170 கிலோ என்று எண் கொடுத்தார்கள். ஹோண்டா ரிட்ஜ்லைன் பிக்கப்பில் பின்கதவை இறக்கி வைத்தபடியே ஓட்டும்போது 300 பவுண்டு, அதாவது 136 கிலோதான் வைக்கலாம் என்று சொன்னார்கள். இந்த எண்களோடு வரும் நிபந்தனைகளைக் கவனியுங்கள். ஒன்று ஏறி இறங்கும் படிக்கு. இன்னொன்று ஓடும் வண்டிக்கு. பல்லாயிரம் டாலர் விலையுள்ள வண்டி, ஆய்வுக்கூடத்தில் சோதித்த கதவு, அதற்கே ஓடும்போது 136 கிலோ. அதைவிடச் சின்ன வண்டியில், பட்டறையில் கையால் மாட்டிய சங்கிலியை நம்பி மூன்று பேர் உட்கார்ந்து போவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

பெரிய கம்பெனியின் கதவும் அறுந்து விழுந்திருக்கிறது. 2004 மார்ச் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஏறக்குறைய 40 லட்சம் பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. செவர்லே சில்வராடோ, ஜி.எம்.சி. சியாரா, செவர்லே அவலாஞ்ச், கேடிலாக் எஸ்கலேடு ஈ.எக்ஸ்.டி. எல்லாமே பெயர்பெற்ற வண்டிகள். பழுது இஞ்சினில் இல்லை, பிரேக்கில் இல்லை. பின்கதவைத் தாங்கும் இரண்டு எஃகுக் கம்பி வடங்களில். துத்தநாகப் பூச்சு பூசிய வடம். அதன் மேல் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஈரம் புகுந்து தங்கி, வடம் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இற்றுப்போனது. வெளியே பார்த்தால் உறை பளபளவென்று புதிதாக இருக்கும். ஒருநாள் யாராவது கதவின் மேல் உட்காரும்போதோ நிற்கும்போதோ இரண்டு வடமும் அறும். கதவு சட்டென்று கீழே விழும். காயம்பட்டவர்கள் பலர். கடைசியில் துருப்பிடிக்காத எஃகு வடத்தை மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்தச் செய்தியை நான் சந்தையில் அந்தத் தம்பியிடம் சொன்னேன். ஏன் தெரியுமா? அவன் வண்டியின் இரண்டு சங்கிலிக்கும் பச்சை ரப்பர் குழாய் மாட்டியிருந்தது. ஓடும்போது சங்கிலி கடகடவென்று சத்தம் போடக்கூடாது, பெயிண்ட் உரியக்கூடாது என்று அழகாக மாட்டியிருந்தான். உங்களில் பாதிப்பேர் வண்டியில் அது இருக்கும். "தம்பி, அந்தக் குழாயைக் கொஞ்சம் மேலே தள்ளு" என்றேன். தள்ள வரவில்லை. நுனியில் நின்றவர் தளத்துக்குள் நகர்ந்ததும் கொக்கியைக் கழற்றி, குழாயின் நுனியைப் பிடித்து இழுத்தான். முதலில் செம்மண் கரைத்தது போன்ற தண்ணீர் அவன் உள்ளங்கையில் சொட்டியது. பிறகு துருத்தூள் கொட்டியது. பிறகு சங்கிலி வந்தது. மேல் கண்ணிகள் நன்றாக இருந்தன. கீழே, தண்ணீர் தேங்கும் வளைவில், மூன்று கண்ணிகள் நடுவில் மெலிந்து, எறும்பின் இடுப்பு போல ஆகியிருந்தன. அவன் ஒன்றும் பேசவில்லை. மறுபடி நுனிக்கு வரப்போனவரைப் பார்த்து, "அண்ணே, கீழ இறங்குங்க" என்றான்.

துருவின் கணக்கை நம் மக்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 10 மில்லிமீட்டர் கம்பி தேய்ந்து 7 மில்லிமீட்டர் ஆகிவிட்டால், மூன்று மில்லிமீட்டர்தானே போயிருக்கிறது, முக்கால் பங்கு பலம் இருக்கும் என்று நினைக்கிறோம். பலம் கம்பியின் விட்டத்தில் இல்லை, அதன் வெட்டுப்பரப்பில் இருக்கிறது. ஏழு ஏழு நாற்பத்தொன்பது. பத்துப் பத்து நூறு. ஆகவே 7 மில்லிமீட்டர் கம்பிக்குப் பாதி பலம்தான் மிச்சம். கண் முக்கால் என்கிறது. உண்மையில் இருப்பது பாதி.

தோழர்களே, இப்போது என் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். இதை மேடையில் சொல்வது இதுதான் முதல்முறை.

1987-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தேன். ஒரு மட்டடோர் வண்டி வந்தது. பின்கதவுச் சங்கிலியைப் பிடிக்கும் தகடு ஆடுகிறது, பற்றவைத்துக் கொடு என்றார்கள். தகட்டின் நான்கு பக்கமும் வெல்டிங் ஓட்டவேண்டும். உள்பக்கம் ஒரு தாங்கு தகடும் வைக்கவேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் மாலையாகிவிட்டது, கரண்டு போகும் நேரம், வண்டிக்காரருக்கு அவசரம். கைக்கு எட்டிய இரண்டு பக்கம் மட்டும் ஓட்டினேன். மேலே பெயிண்ட் அடித்தேன். பெயிண்ட் காய்ந்ததும் நான்கு பக்கமும் ஓட்டியது போலவே தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஓர் அரிசி ஆலையில் அந்தத் தகடு பிய்ந்தது. கதவின் மேல் மூட்டையோடு நின்றவர் விழுந்தார். கணுக்கால் எலும்பு இரண்டாக முறிந்தது. மூட்டையும் அவர் மேலேயே விழுந்தது. நாற்பது வயது மனிதர், மூன்று பிள்ளைகள். செய்தி கேட்டு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. வண்டிக்காரர் அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டு, "வெயில்ல வந்திருக்கீங்களே தம்பி, மோர் குடிக்கிறீங்களா" என்று கேட்டார். உள்ளே குரல் கொடுத்து மோர் வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன். அதைப் பற்றவைத்தவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அதன் பிறகு மூட்டை தூக்கவில்லை. சில வருடம் கழித்துத் தவறிவிட்டார். அவரிடம் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன். இரண்டு அங்குல வெல்டிங்கின் எடை எவ்வளவு என்று எனக்கு அன்றிலிருந்து தெரியும்.

பிறகு பாலிடெக்னிக்கில் மாணவர்களுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரு பெயிண்ட் அடித்த தகட்டைக் கொடுத்து, எத்தனை பக்கம் பற்றவைத்திருக்கிறது என்று கேட்பேன். பெயிண்டைச் சுரண்டாமல் யாராலும் சொல்ல முடியாது.

நின்ற வண்டியில் இவ்வளவு என்றால், ஓடும் வண்டியில் என்ன? கட்டுக்கம்பியை வெட்டக் குறடு இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? முன்னும் பின்னும் பத்துமுறை வளைப்பீர்கள், முறிந்துவிடும். ஒருமுறை வளைத்து முறியாத கம்பி பத்தாவது முறையில் முறிகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து இதைத்தான் கண்டுபிடித்தார். இரும்பு ஒருமுறை எளிதாகத் தாங்கும் எடைகூட, லட்சம் முறை மாறிமாறி வந்தால் அதை முறித்துவிடும். பின்கதவைத் திறந்துபோட்டு அதன் மேல் பைப்பும் கம்பியும் நீட்டிக்கொண்டு ஓட்டும்போது, சாலையின் ஒவ்வொரு குழியும் அந்தக் கட்டுக்கம்பியை ஒருமுறை வளைக்கிறது. நேற்று வரை தாங்கியதே என்று சொல்கிறோம். நேற்று வரை தாங்கித் தாங்கித்தான் அது இன்று களைத்துப்போயிருக்கிறது.

இன்னொன்றையும் நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்கள். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக்கயிறு இறுகும். மாடு திணறும். வண்டிக்காரர் இறங்கி இரண்டு மூட்டையை முன்னால் நகர்த்திவிட்டுத்தான் கிளம்புவார். பிக்கப்புக்கும் அதே நியாயம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.1 மீட்டர் இருக்கும் சின்ன வண்டியில், பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 200 கிலோ வைத்தால், முன்சக்கரத்தின் மேலிருந்து 95 கிலோ குறைந்துவிடும். பின் அச்சின் மேல் 295 கிலோ ஏறும். முன்சக்கரம் இலேசானால் ஸ்டியரிங் இலேசாகும். வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது, முன் பிரேக்கின் பிடியும் குறையும். மாடாக இருந்தால் திணறிக் காட்டும். வண்டி காட்டாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு 2019-இல் திருத்தப்பட்ட பிறகு, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பாடியைத் தாண்டிப் பின்னாலோ பக்கத்திலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய். அபராதத்துக்குப் பயந்து இதைச் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரவில் பின்னால் பைக்கில் வருகிறவருக்கு, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனி ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. பின்கதவைக் கீழே தொங்கவிட்டு ஓட்டினால், பல வண்டிகளில் பின்விளக்கும் நம்பர் பலகையும் மறைந்துபோகும். சரக்கு வண்டியின் பின்கதவில் காலைத் தொங்கப்போட்டு ஆட்கள் உட்கார்ந்து வருவது, திருவிழாக் காலத்தில் நாம் எல்லோரும் பார்க்கும் காட்சி. அந்தக் காலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் இருப்பது இரண்டு கொக்கி.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எதற்கும் பெரிய செலவு இல்லை.

முதலாவது, சங்கிலிக்கு மாட்டிய ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். சத்தம் வந்தால் வரட்டும். சங்கிலி கண்ணுக்குத் தெரியவேண்டும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு கண்ணியையும் விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, இரண்டு சங்கிலியும் ஒரே நீளம் இருக்கவேண்டும். ஒன்று ஒரு கண்ணி நீளமாக இருந்தால், அது சும்மா தொங்கும். பாரம் முழுவதையும் மற்றது சுமக்கும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

மூன்றாவது, சங்கிலித் தகட்டை வெறும் பாடித் தகட்டின் மேல் ஒட்டவைக்காதீர்கள். உள்பக்கம் ஒரு தாங்கு தகடு வைத்து, நான்கு பக்கமும் வெல்டிங் ஓட்டச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். வெல்டருக்கு அது மரியாதைக் குறைவல்ல. அன்று யாராவது என் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் ஒரு மனிதரின் கால் தப்பியிருக்கும்.

நான்காவது, பைக், பிரிட்ஜ், டீசல் பேரல் போன்ற கனமான பொருளை ஏற்றும்போது பின்கதவைக் கீழே முழுவதுமாக இறக்கிவிடுங்கள். பலகையின் ஒரு முனை தரையில், மறுமுனை தளத்தின் விளிம்பில். அப்போது எடை நேராகச் சேசிஸுக்குப் போகும். கதவின் மேல்தான் பலகை நிற்கவேண்டும் என்ற நிலை வந்தால், கதவின் நுனிக்குக் கீழே உறுதியான கட்டை முட்டு கொடுங்கள். முட்டு நின்றால் சங்கிலிக்குப் பாரம் குறையும்.

ஐந்தாவது, ஆள் நிற்கத்தான் வேண்டுமென்றால் ஒருவர் மட்டும். நடுவில், கீலுக்கு நெருக்கமாக. குதிக்கக்கூடாது. மூட்டையைத் தொப்பென்று போடக்கூடாது. மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் கூடாது.

சுமைப்பணித் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே வளர்ந்த ஆண் தொழிலாளி கையால் சுமக்கும் அதிகபட்ச எடை 55 கிலோ என்று பரிந்துரைத்தது. நீங்கள் அதைத் தாண்டியும் சுமக்கிறீர்கள், அதைப் பற்றி இன்னொரு நாள் பேசவேண்டும். இன்றைக்கு இதை மட்டும் கேளுங்கள். வண்டி உங்களுடையது இல்லை, அதன் சங்கிலி எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் அதன் மேல் நிற்கும் கால் உங்களுடையது. ஏறுவதற்கு முன் "சங்கிலியக் காட்டுங்க" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கேட்டதற்காக யாராவது கோபித்துக்கொண்டால், அந்த வண்டியில் ஏறவேண்டாம்.

இனி அந்தத் தம்பிக்கு நான் சொன்ன எண். நல்ல சங்கிலி, நல்ல தகடு, முழு வெல்டிங், நின்ற வண்டி. இந்த நான்கும் சரியாக இருந்தால் நம் ஊர்ச் சின்ன பிக்கப்பின் பின்கதவுக்கு நான் ஒத்துக்கொள்ளும் எடை, ஓர் ஆளும் அவர் கையில் ஒரு மூட்டையும். 115 கிலோ. அதற்கு மேல் முட்டு கொடுக்காமல் ஒரு கிலோகூட வைக்கமாட்டேன். நான்கில் ஒன்று சரியில்லை என்றாலும், வண்டி நகர்கிறது என்றாலும், என் எண் பூஜ்யம்.

அந்தத் தம்பி அன்று கதவை முழுவதுமாக இறக்கிவிட்டு, மீதி மூட்டைகளைத் தரையிலிருந்து நேராகத் தளத்தில் ஏற்றினான். அதற்குக் கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம். விடிந்ததும் சங்கிலி வாங்கப் போவதாகச் சொன்னான்.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் வண்டியைப் பூட்டுவதற்கு முன் பின்பக்கம் ஒருமுறை போய் நில்லுங்கள். கைபேசி விளக்கைப் போட்டுச் சங்கிலியைப் பாருங்கள், தகட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் நாளைக் காலை முதல் லோடு பட்டறைக்குத்தான். நாளை அந்தக் கதவின் மேல் நிற்கப்போகிறவருக்கு நீங்கள் செய்யவேண்டியது அவ்வளவே.